டே கேர் கட்டணமே சம்பளத்தில் முக்கால்வாசி: வேலையைத் தொடர்வதா, விடுவதா?

மழைமேகம்:

எல்லோருக்கும் வணக்கம். மகப்பேறு விடுப்பும் அதற்குப் பிறகு எடுத்த சம்பளமில்லா விடுப்பும் அடுத்த மாதத்தோடு முடிகின்றன. குழந்தைக்குப் பத்து மாதம். வீட்டுக்குப் பக்கத்து டே கேரில் முழு நாளுக்கு விசாரித்தோம். கட்டணமும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்தால் என் கையில் வரும் சம்பளத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு போய்விடும். கணவருக்கு என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் சம்பளம். அவர் "உன் விருப்பம்" என்கிறார். சுற்றியிருப்பவர்கள், "கால்வாசிப் பணத்துக்காகப் பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு ஓடணுமா?" என்கிறார்கள்.

எனக்கு வேலை பிடிக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறுதல் வேண்டாம். இந்த நிலையைத் தாண்டி வந்தவர்கள் எதையெல்லாம் கணக்கில் எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

ஐந்தொகை:

முதலில் ஒரு கேள்வி. கட்டணத்தை உங்கள் சம்பளத்திலிருந்து மட்டும் ஏன் கழிக்கிறீர்கள்? குழந்தை இருவருக்கும்தானே. உங்கள் சம்பளம் 100, அவருடையது 130, டே கேர் 70 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சம்பளத்தில் 70 சதவீதம் போகிறது என்பதும் உண்மை, குடும்ப வருமானத்தில் 30 சதவீதம் போகிறது என்பதும் உண்மை. ஆனால் முதல் விதமாகச் சொன்னால் முடிவும் அதிலேயே வந்துவிடுகிறது.

அடுத்தது காலம். பெரும்பாலோர் முதல் மாதக் கட்டணத்தை வைத்து ஆயுள் முழுக்கக் கணக்குப் போடுகிறார்கள். கைக்குழந்தைக்குத்தான் கட்டணம் உச்சத்தில் இருக்கும். மூன்று வயதானால் இறங்கும். பள்ளிக்குப் போன பிறகு மாலை நேரத்துக்கு மட்டும் ஆள் வேண்டும். சம்பளமோ எதிர்த்திசையில் போகும்.

உதாரணமாக, சம்பளம் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது, டே கேர் முதல் இரண்டு ஆண்டு 70, அடுத்த இரண்டு ஆண்டு 55, ஐந்தாம் ஆண்டு 25 என்று எடுத்துக்கொள்ளுங்கள். கையில் நிற்பது முதல் ஆண்டில் 30, பிறகு 36, 57, 64, ஐந்தாம் ஆண்டில் 101. மொத்தம் 288. "கால்வாசிப் பணம்" என்று தோன்றியது ஐந்தே ஆண்டில் உங்கள் இன்றைய சம்பளத்தில் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுத் தொகையாகிவிட்டது. தொடர்ந்திருந்தால் ஆறாம் ஆண்டு உங்கள் சம்பளம் 134. இடைவெளி விட்டுத் திரும்புகிறவருக்கு 134 யாரும் தருவதில்லை. பழைய 100 கிடைத்தாலே பெரிது. அந்த வித்தியாசம் ஓய்வு பெறும்வரை கூடவே வரும், ஓய்வூதியச் சேமிப்பிலும் தெரியும்.

எண்கள் நான் வைத்தவை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், கோடு ஏறும் திசை மாறாது என்று நினைக்கிறேன்.

கிளிஞ்சல்:

ஐந்தொகை சார், ஒரு சந்தேகம். 230-லிருந்து 70-ஐக் கழித்தாலும் 160, மழைமேகம் வேலையை விட்டால் 130. வித்தியாசம் அதே 30-தானே? யார் சம்பளத்திலிருந்து கழித்தாலும் கையிருப்பு மாறப்போவதில்லை. இதில் என்ன பெரிய வேறுபாடு?

ஐந்தொகை:

கையிருப்பு மாறாது, சரி. கேள்வி மாறும். "அவள் வேலைக்குப் போவது கட்டுப்படியாகுமா?" என்று கேட்டால் ஒரே ஒரு வழிதான் கண்ணில் படும். "நம் இருவர் நேரத்தையும் எப்படிப் பிரிப்பது?" என்று கேட்டால், இருவரும் வேலை நேரத்தைக் கொஞ்சம் மாற்றுவது, ஒருவர் சீக்கிரம் போய் ஒருவர் தாமதமாகப் போவது, டே கேரை அரை நாளாகக் குறைப்பது என்று நாலைந்து வழிகள் எதிரே வரும். அதோடு, அந்த 30 முதலாம் ஆண்டுக்கு மட்டும்.

மாலைஷிஃப்ட்:

உங்கள் கணக்கு மாதச் சம்பளக்காரர்களுக்குச் சரி. எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

நான் ஒரு பெரிய கடையில் மணிக்கூலிக்கு வேலை பார்க்கிறேன். இரண்டு குழந்தைகள். ஆண்டுக்கு 6 சதவீதம் என்பது எங்கள் வேலையில் இல்லை. அதைவிடப் பெரிய தொல்லை ஷிஃப்ட் பட்டியல். அடுத்த வாரத்துக்கான பட்டியல் இந்த வாரக் கடைசியில்தான் சுவரில் ஒட்டப்படும். டே கேரோ மாதத் தொடக்கத்திலேயே, எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் முன்கூட்டியே வசூலித்துவிடும். திங்கள், புதன், வெள்ளிக்குப் பணம் கட்டியிருப்பேன். பட்டியலில் செவ்வாய், வியாழன், சனி என்று வரும். கட்டிய நாளுக்குக் குழந்தைக்குத் துணை தேவைப்படாது, தேவைப்படும் நாளுக்கு டே கேரில் இடம் இருக்காது.

டே கேர் ஆறு மணிக்கு மூடும், என் ஷிஃப்ட் ஒன்பதுக்கு முடியும். நடுவில் மூன்று மணி நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா. அவருக்குக் காய்ச்சல் என்றால் எனக்கு அன்றைய கூலி இல்லை. இப்படி அடிக்கடி லீவு போட்டால் அடுத்த பட்டியலில் மணிநேரம் குறையும். நான் மாதாமாதம் கட்டணத்தைக் கட்டிவிட்டேன், ஆனாலும் அந்த நேரப் பொருத்தமின்மையால் ஒரு நல்ல வேலையை விட வேண்டியிருந்தது. கட்டணம் பற்றிப் பேசும்போது கூடவே நேரத்தைப் பற்றியும் பேசுங்கள், தயவுசெய்து.

இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் கட்டும் காலத்தில் எங்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை. அப்படிப்பட்டவரிடம் "நீண்ட காலத்தைப் பாருங்கள்" என்றால், வீட்டு வாடகை நீண்ட காலத்துக்குக் காத்திருக்காது.

முதல்மணி:

நான் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறேன். "ஏன் இவ்வளவு கட்டணம்?" என்று பெற்றோர் கேட்பார்கள். அதே பெற்றோரிடம் என் சம்பளத்தைச் சொன்னால் நம்பமாட்டார்கள். இரண்டுமே உண்மை.

இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் இருக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு நான்குக்கு ஒருவர் என்று இருந்ததை 2023-ல் ஐந்துக்கு ஒருவர் என்று தளர்த்தினார்கள். மூன்று வயதுக்கு மேல் எட்டுக்கு ஒருவர். கட்டணம் வயதோடு இறங்குவதாக ஐந்தொகை சொன்னாரே, அதற்குக் காரணம் இதுதான். இது தேவையில்லாத கெடுபிடியும் இல்லை. ஒரு குழந்தைக்கு டயபர் மாற்றும் மேசையில் ஒரு கை குழந்தையின் வயிற்றின் மேலேயே இருக்க வேண்டும், எடுத்தால் உருண்டுவிடும். அந்த நேரம் மற்ற இரண்டும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்று அழும், ஒன்று கையில் கிடைத்ததை வாயில் வைக்கும். நான்காவது குழந்தையை அந்த அறையில் சேர்த்துப் பாருங்கள், ஏன் கூடாது என்று புரியும்.

காப்பகம் பத்து, பதினொரு மணி நேரம் திறந்திருக்கும், ஒருவர் வேலை நேரம் எட்டு. ஆகவே ஆறு குழந்தைகளுக்கு இரண்டு பேர் போதாது, ஏறக்குறைய மூன்று பேர் சம்பளம் வேண்டும். அப்புறம் வாடகை, சமையல், காப்பீடு, லீவுக்கு மாற்று ஆள். மூன்று பெற்றோர் கட்டுவதில் ஒன்றரை ஆள் சம்பளம் எடுப்பதே பெரும்பாடு.

வில்லியம் பாமோல் என்ற பொருளாதார அறிஞர் 1960-களிலேயே இதை விளக்கியிருக்கிறார். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரே ஆள் முன்பைவிடப் பத்து மடங்கு பொருள் செய்யலாம். கைக்குழந்தையைப் பார்ப்பதில் அது நடக்காது. மற்ற துறைகளில் சம்பளம் ஏற ஏற, இங்கேயும் ஏற்றாவிட்டால் ஆள் தங்கமாட்டார்கள், ஏற்றினால் கட்டணம் ஏறும். எங்கள் இடத்தில் நல்ல பெண்கள் பலர் போய்விட்டார்கள். மாலைஷிஃப்ட் சொன்ன கடை வேலைக்கே சிலர் போனார்கள், அங்கே கூலி அதிகம் என்று. பொதுப்பணம் உள்ளே வராமல் பெற்றோருக்குக் குறைந்த கட்டணமும் எங்களுக்கு நல்ல சம்பளமும் ஒருசேரக் கிடைக்க வழியே இல்லை.

வரைபடம்:

முதல்மணி சொன்ன கடைசி வரியிலிருந்து தொடர்கிறேன். பொதுப்பணம் வந்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் "இலவசமாக்கினால் எல்லாரும் வேலைக்குப் போவார்கள்" என்பதும் "பணம் ஒரு காரணமே இல்லை" என்பதும் பாதிப் பாதிதான் சரி.

கனடாவின் கியூபெக் மாநிலம் 1997-ல் நாளுக்கு 5 டாலர் என்ற கட்டணத்தைக் கொண்டுவந்தது. முதலில் நான்கு வயதுக் குழந்தைகள், படிப்படியாக எல்லாச் சிறு குழந்தைகளும். மைக்கேல் பேக்கர், ஜோனதன் க்ரூபர், கெவின் மில்லிகன் மூவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவி சேர்ந்து வாழும் குடும்பங்களில் வேலைக்குப் போகும் தாய்மார் விகிதம் 7.7 சதவீதப் புள்ளிகள் கூடியதாகக் கண்டார்கள். சின்ன எண் இல்லை. ஆனால் அதே ஆய்வு, குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதையும் சொன்னது. கட்டணத்தைக் குறைத்த வேகத்துக்குத் தரமான இடங்கள் உருவாகவில்லை என்பதே பலர் சொல்லும் விளக்கம். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

நார்வேயில் 1970-களில் அரசு உதவி பெறும் காப்பகங்கள் வேகமாகப் பெருகின. ஹவ்னஸ், மோக்ஸ்டாட் இருவரும் ஆராய்ந்தபோது தாய்மார் வேலைவாய்ப்பில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஏற்கெனவே உறவினரிடமும் அக்கம்பக்கத்திலும் குழந்தையை விட்டு வேலைக்குப் போனவர்கள் காப்பகத்துக்கு மாறிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆக, கட்டணம் யாரைத் தடுத்து நிறுத்தியிருக்கிறதோ அவர்களைத்தான் கட்டணக் குறைப்பு நகர்த்தும்.

அடுத்தது டென்மார்க். அங்கே காப்பகச் செலவில் பெற்றோர் பங்கு 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அப்படியும் முதல் குழந்தைக்குப் பிறகு பெண்களின் வருமானம் ஆண்களோடு ஒப்பிட்டால் நீண்ட காலத்தில் சுமார் 20 சதவீதம் பின்தங்குகிறது என்று ஹென்ரிக் கிளேவன் குழுவினர் காட்டினார்கள். அப்பாக்களின் வருமானக் கோட்டில் குழந்தை பிறந்ததன் சுவடே தெரியவில்லை. கட்டணம் குறைவாக இருக்கும் ஊரிலேயே இப்படி என்றால் மிச்சம் எங்கே இருக்கிறது?

2023-ல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் இதற்கு ஒரு பதில் தருகிறார். சில வேலைகளில் மணிக்கணக்கு கூடக் கூடச் சம்பளம் அதைவிட வேகமாக ஏறும். இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் எடுப்பவருக்குத்தான் பதவி உயர்வு. வீட்டில் குழந்தை வந்ததும் இருவருமே அப்படி இருக்க முடியாது. ஒருவர் முழுதாக அந்த வேலைக்குப் போய், இன்னொருவர் குழந்தையின் அழைப்புக்கு எப்போதும் தயாராக இருப்பதே அந்தக் குடும்பத்துக்கு அதிகப் பணம் தரும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டியதும் அரசு உதவி திடீரென நின்றுபோவது. இங்கிலாந்தில் 2025 செப்டம்பரிலிருந்து, வேலை பார்க்கும் பெற்றோருக்கு ஒன்பது மாதக் குழந்தை முதலே பள்ளிக்கால வாரங்களில் வாரத்துக்கு 30 மணி நேரக் காப்பகம் அரசு செலவில் கிடைக்கிறது. இருவரில் ஒருவர் ஆண்டு வருமானம் 1,00,000 பவுண்டைத் தாண்டினால் அது மொத்தமாக நின்றுவிடும். அதனால் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதையாவது வசதியானவர்கள் பிரச்சினை என்று விடலாம். குறைந்த வருமானக்காரர்களுக்கான உதவித் திட்டங்களிலும் பல நாடுகளில் இதே அமைப்புதான்: கொஞ்சம் சம்பளம் கூடியதும் உதவி நின்று, கூடிய தொகையைவிட அதிகம் கையைவிட்டுப் போகும். சம்பள உயர்வை வேண்டாம் என்று ஒரு தாய் சொல்ல வேண்டிய நிலையை ஒரு திட்டம் உருவாக்குகிறதென்றால் அதைத் திருத்தியே ஆக வேண்டும்.

கிளிஞ்சல்:

விரிவாக எழுதியதற்கு நன்றி வரைபடம். கட்டணத்தைக் குறைத்தாலும் இடம் இருக்க வேண்டுமே. ஜெர்மனியில் 2013 ஆகஸ்ட் முதல் ஒரு வயது நிரம்பிய குழந்தைக்குக் காப்பக இடம் சட்டப்படியான உரிமை. அப்படியும் பல நகரங்களில் பெற்றோர் இடத்துக்கு அலைகிறார்கள், காரணம் பணியாளர் பற்றாக்குறை. முதல்மணி சொன்ன அதே கதை.

வெள்ளியம்மா:

நான் வயதில் மூத்தவள், எல்லாரையும் பிள்ளைகளாக நினைத்து எழுதுகிறேன். மேலே எங்கேயோ "உறவினர்" என்று ஒரு சொல் வந்தது. அந்த உறவினரைப் பற்றியும் பேச வேண்டும்.

என் மகள் பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பிய போது நான் என் வேலையை விட்டேன். ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. குடும்பத்தில் எல்லாரும், "செலவே இல்லாமல் முடிந்தது" என்றார்கள். என் சம்பளமும், கடைசி ஆண்டுகளில் ஓய்வூதியத்தில் சேர்ந்திருக்க வேண்டிய தொகையும் யார் கணக்கிலும் வரவில்லை. பேரனை வளர்த்ததில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை எதற்கும் ஈடாகச் சொல்லமாட்டேன். ஆனால் அது இலவசம் இல்லை. முழங்கால் வலியோடு ஒரு வயதுக் குழந்தையின் பின்னால் நாள் முழுக்க நடந்தவளுக்குத் தெரியும்.

மழைமேகம், உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது பார்த்துக்கொள்வதாக இருந்தால், அவர்களுக்கும் லீவு நாள் வையுங்கள், மாதம் ஒரு தொகை அவர்கள் பெயரில் போடுங்கள்.

வரைபடம்:

வெள்ளியம்மா சொன்னது உலகக் கணக்கிலும் தெரிகிறது. பராமரிப்புப் பொறுப்பால் வேலைச் சந்தைக்கு வெளியே இருக்கும் பெண்கள் 70.8 கோடி, ஆண்கள் 4 கோடி என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-ல் மதிப்பிட்டது. இளம் தாய்மார் மட்டும் இல்லை, பாட்டிமாரும் மருமகள்களும் சேர்ந்துதான் அந்த எண்.

தேன்சிட்டு:

நான் வேலையை விட்டவள், அந்த முடிவில் நிறைவாக இருப்பவள். இந்தப் பக்கமும் ஒரு குரல் இருக்கட்டும்.

என் குழந்தைக்கு மூச்சிரைப்பு. காப்பகத்தில் சேர்த்த புதிதில் ஒவ்வொரு சளியும் மருத்துவமனையில்தான் முடிந்தது. கட்டணம் எங்களுக்குப் பிரச்சினையாகவே இல்லை. நான் அருகில் இருக்க வேண்டியிருந்தது, இருந்தேன். அதைப் பணக்கணக்கால் சரி என்றும் தவறு என்றும் யாரும் சொல்ல முடியாது.

ஆனால் விடுவதாக இருந்தால் சில ஏற்பாடுகளோடு விடுங்கள். என் பெயரில் ஓய்வுக்காலச் சேமிப்பு நிற்காமல் போக வேண்டும் என்று கணவரிடம் முதலிலேயே பேசிவிட்டேன், அவர் சம்பளத்திலிருந்து மாதாமாதம் போகிறது. என் துறைச் சான்றிதழைக் காலாவதியாக விடவில்லை. பழைய மேலாளரோடு தொடர்பில் இருக்கிறேன், அவ்வப்போது சிறு வேலைகள் தருகிறார். வேலையை விடுவதும் தொழிலை விடுவதும் வேறு வேறு.

அலாரம்_அப்பா:

இதுவரை எழுதியவர்களில் அப்பா என்று சொல்லிக்கொண்டு யாரும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மகள் பிறந்தபோது எங்கள் வீட்டிலும் இதே கேள்வி வந்தது. மனைவி ஒரு தாளில் அவர் சம்பளத்தை எழுதி, அதிலிருந்து கட்டணத்தைக் கழித்துவிட்டு, என்னிடம் நீட்டினார். என் சம்பளம் அந்தத் தாளில் இல்லவே இல்லை. நான் என் அலுவலகத்தில் நேரத்தை மாற்றக் கேட்டேன். காலை ஏழுக்குப் போய் மூன்றரைக்குக் கிளம்புகிறேன் என்றேன். மேலாளர் முதலில் கேட்டது, "ஏன், உங்கள் மனைவி?" அந்தக் கேள்வியை என் மனைவியின் மேலாளர் அவரிடம் ஒருபோதும் கேட்டிருக்கமாட்டார்.

மனைவி ஒன்பதரைக்குக் கிளம்புவார், நான் நாலு மணிக்கு மகளைக் கூட்டி வருவேன். பத்து மணி நேரம் காப்பகம் என்றிருந்தது ஆறரை மணி நேரமானது. எங்கள் காப்பகத்தில் அதற்கு வேறு கட்டண விகிதம், கணிசமாகக் குறைந்தது. பதிலுக்கு, மாலைக் கூட்டங்களில் நான் இல்லை, அந்த ஆண்டு பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அந்த இழப்பை இருவரும் பகிர்ந்துகொண்டோம் என்பதால்தான் மனைவியின் வேலை முழுதாகப் பிழைத்தது.

ஸ்வீடனில் பெற்றோர் விடுப்பு 480 நாள். அதில் தலா 90 நாளை மற்றவருக்கு மாற்றித்தர முடியாது, எடுக்காவிட்டால் போய்விடும். மாற்றித்தர முடியாத இந்தப் பங்கு 1995-ல் ஒரு மாதமாகத் தொடங்கியது. அப்பாக்கள் தாமாகக் கேட்டு வாங்கும்வரை காத்திருந்தால் அலுவலகங்கள் மாறாது என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. மழைமேகம், உங்கள் கணவர் "உன் விருப்பம்" என்று சொல்வது நல்ல மனசுதான். ஆனால் அவர் அலுவலகத்தில் அவர் என்ன கேட்டார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மாலைஷிஃப்ட்:

அலாரம்_அப்பா, உங்கள் பதிவைக் கணவருக்குக் காட்டினேன். நேரத்தை மாற்றிக் கேட்கும் உரிமை எங்கள் இருவர் வேலையிலும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், பட்டியலை இரண்டு வாரம் முன்பே தர வேண்டும் என்ற விதி எங்களுக்குக் கட்டணச் சலுகை அளவுக்கு முக்கியம். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் பெரிய கடைகளுக்கு அப்படிச் சட்டமே இருக்கிறது.

மழைமேகம்:

எல்லாவற்றையும் கணவரோடு உட்கார்ந்து படித்தேன். நன்றி, குறிப்பாக வெள்ளியம்மாவுக்கு. என் மாமியாரிடம் கேட்கலாம் என்ற எண்ணம் இருந்தது. அவருக்கும் வேலை இருக்கிறது, இனி அப்படி எளிதாகக் கேட்கமாட்டேன்.

ஐந்தொகை சொன்னபடி எங்கள் எண்களைப் போட்டோம். என் துறையில் உயர்வு 6 சதவீதத்தைவிடக் குறைவு. அப்படியும் நான்காம் ஆண்டில் நிலைமை தெளிவாக மாறுகிறது. முதல் இரண்டு ஆண்டுதான் நெருக்கடி, சேமிப்பில் கைவைக்க வேண்டியிருக்கும். அதற்கு இருவரும் சம்மதித்திருக்கிறோம். கணவர் நேற்று தன் மேலாளரிடம் வாரத்தில் மூன்று நாள் சீக்கிரம் கிளம்புவதற்குக் கேட்டிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை. அது கிடைத்தால் டே கேரில் அந்த மூன்று நாளும் குறைந்த நேரத் திட்டம். கிடைக்காவிட்டாலும் நான் திரும்பிப் போகிறேன்.

முதல்மணியிடம் ஒரு கேள்வி: அடுத்த மாதம் வேலையில் சேர வேண்டும் என்றால் குழந்தையை எப்போதிலிருந்து விட ஆரம்பிக்கலாம்? இடத்தைப் பார்க்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும்?

முதல்மணி:

இப்போதே ஆரம்பியுங்கள். முதலில் நீங்களும் கூடவே ஒரு மணி நேரம் உட்காருங்கள், பிறகு பக்கத்து அறை, அப்புறம் வெளியே. குழந்தை அங்கே சாப்பிட்டுத் தூங்கி எழுந்துவிட்டால் முழு நாள் விடலாம். சில குழந்தைகள் ஒரு வாரத்தில் பழகும், சில மாதம் எடுக்கும். பத்து மாதத்தில் முகம் பார்த்து அழும் பருவம், பயந்துவிடாதீர்கள்.

கேட்க வேண்டியது: கைக்குழந்தை அறையில் ஒரு பணியாளருக்கு எத்தனை குழந்தைகள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எத்தனை? அந்த அறைப் பணியாளர்கள் எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறார்கள்? குழந்தைக்குக் காய்ச்சல் வந்து வராத நாளுக்குக் கட்டணம் உண்டா? தாமதமானால் என்ன கட்டணம்? வயது ஏறும்போது கட்டணம் எந்த மாதத்திலிருந்து குறையும்? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பல இடங்களில் பிறந்தநாளிலிருந்து குறைப்பதில்லை, அடுத்த பருவத் தொடக்கத்திலிருந்துதான்.